ஜாபர் சொன்ன "நாங்க"

ஜாபர் இறந்த செய்தியை அவருடைய மனைவிதான் தொலைபேசியில் சொன்னார். "மார்ல வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டாருண்ணே. நீங்க அவசியம் வரணும். உங்கமேல ரொம்ப மரியாத வெச்சிருந்தாரு." அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். மறுநாள் அலை எவ்வளவு உயரும் என்று கணித்து மீனவர்களுக்குச் செய்தி அனுப்பும் குழுவில் நாங்கள் இருவரும் அதற்காக ஆளுக்கொரு கணினி மாடல் செய்திருந்தோம். பழைய பதிவுகளை வைத்துச் சோதித்தபோது சராசரியில் என்னுடையதே முந்தியது.

அவர் ஒரு பட்டியலோடு வந்தார். "காத்து தெசமாறுற நாளுங்கள மட்டும் தனியா பாரு சேகர். அன்னிக்கெல்லாம் உன்னுது கோட்ட விடுது, என்னுது தேவல. ஒண்ணையே புடிச்சிக்கிட்டு இருக்க வேணாம். நாளப் பாத்து மாடல எடுப்போம்."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆனாலும் கூட்டத்தில் சராசரியை மட்டுமே காட்டினேன். என் மாடலே தேர்வானது.

சில வாரங்களில் காற்று திசை மாறியது. கடல் அமைதியாக இருக்கும் என்று நாங்கள் செய்தி அனுப்பியிருந்த காலையில் பிள்ளைச்சாவடி மீனவர்களின் படகு ஒன்று கவிழ்ந்தது. எல்லோரும் பிழைத்தார்கள், ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. விசாரிக்க வந்த அதிகாரியிடம், கடலிலிருந்து வந்த டேட்டா சரியில்லை என்று சொன்னேன். ஜாபர் பக்கத்தில்தான் நின்றார். வெளியே வந்ததும், "டேட்டா நல்லாத்தான் இருந்துச்சு. நீயே சொல்லுவேன்னுதான் நான் வாயத் தொறக்கல" என்றார். அடிபட்டவரைப் பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

அதன்பிறகு, நாளுக்கேற்ப மாடலைத் தேர்ந்தெடுக்கும் அவர் வழிக்கே மாறினோம். அது என் யோசனை என்று உங்களில் பலர் பாராட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. ஜாபரும் மறுக்கவில்லை.

அடக்கத்துக்கு, தோள் முறிந்த அந்த மீனவரும் வந்திருந்தார். அவரைத் தனியே அழைத்து, "அன்னிக்கு டேட்டா மேல தப்பில்ல. தெரிஞ்சே நான் பண்ண தப்பு" என்றேன்.

"பாய் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாரே. 'நாங்க தப்பா சொல்லிட்டோம், மன்னிச்சிக்க'ன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. யாரு பேரும் சொல்லல."

ஜாபரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த "நாங்க" மட்டும்தான். அந்தத் தப்பில் அவருக்குப் பங்கே இல்லை என்பதை, அவர் கேட்க முடியாத இப்போது, உங்களிடம் சொல்கிறேன்.