பிலோமினாவின் டார்ச் லைட்

செய்தி வந்தபோது நான் கடையில் அடுப்பு வாயில் நின்றுகொண்டிருந்தேன். ரொட்டி வெந்து, தட்டை இழுக்க வேண்டிய நேரம். பிலோமினாவின் தம்பி அருள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். வந்ததும் "அக்கா, சூடா என்ன இருக்கு?" என்று கேட்கிறவர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையில் பிரான்சிலிருந்து வந்த தந்தி.

"அக்கா போயிட்டாங்க. தூக்கத்திலேயே போயிட்டாங்களாம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே இருந்த ரொட்டி அத்தனையும் கருகியது. பிலோமினா இருந்திருந்தால், "நான் செத்ததுக்கு ரொட்டி என்னடி பண்ணிச்சு?" என்று திட்டியிருப்பாள்.

அவளைத் தெரிந்தவர்கள் காரைக்காலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் கோயில் மலரில் எழுத என்னைத்தான் கேட்டார்கள், நாங்கள் இருவரும் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்பதால். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்தைச் சரிபார்க்க என் பேத்தி இருக்கிறாள். பாண்டிச்சேரியில் விலங்கியல் படிக்கிறாள், வகுப்பில் முதலாவது. இதை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. "புள்ளி, கமா எல்லாம் போட்டுக்கோ, என் பேச்சை மட்டும் மாத்தாதே" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் பிலோமினா காரைக்கால்மேட்டு ஏலத்துக்கு ஓடுவாள். மீன் வாங்க இல்லை. கழித்துப் போட்ட செவுளையும் குடலையும் பொறுக்கிக்கொண்டு வருவாள். வாழை இலையில் பரப்பி, ஊசியால் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். அவள் அம்மா துடைப்பத்தோடு வருவாள். "ஊர்ப் பிள்ளைங்க மீனைத் தின்னுது, இது மீனைப் படிக்குது!" என்று அந்த அம்மாள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்தாவது முடிந்ததும் என்னை வீட்டில் நிறுத்தினார்கள், அவளைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். போக வேண்டியிருக்கிறதே என்று அவள் அழுதாள், போக முடியவில்லையே என்று நான் அழுதேன். பிறகு அவள் மேலே படிக்கப் பிரான்சுக்குப் போய் அங்கேயே டாக்டரானாள். நான் ரொட்டிக்கடைச் சூசைக்கு வாழ்க்கைப்பட்டேன்.

ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஊருக்கு வந்துவிடுவாள். பெட்டியை வீட்டில் போட்ட கையோடு எங்கள் கடைக்கு வந்து, மாவு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு யாராவது முழங்கால் வலி என்று வந்து நிற்பார்கள். "நான் ஊசி போடுற டாக்டர் இல்லைங்க. ஊசியில என்னத்தை ஊத்தலாம்னு தேடுற டாக்டர்" என்று சொல்லி அனுப்புவாள். எழுபதுகளில் ஒரு வருஷம் நானே கேட்டேன், "அப்படி என்னதான்டி தேடுறே?" என்று.

நான் கள் ஊற்றிப் பிசைந்து வைத்த மாவு அண்டாவில் பொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினாள்.

"இது எந்த மட்டும் பொங்கணும்னு அதுக்கு யாரு சொல்றா?"

"நான்தான். அடுப்புல வெச்சா நின்னுடும்."

"உடம்புக்குள்ள அடுப்பு இல்லையேடி. அதனால ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் வளரு, நில்லுன்னு கட்டளை இருக்கு. ஜீன்னு அதுக்குப் பேரு. வளருங்கிற கட்டளை எங்கேயாவது கெட்டுப்போயி, நிக்கவே மாட்டேன்னுச்சுன்னா அதுதான் புற்று. நுரையீரல்ல கெட்டுப்போறது எந்தக் கட்டளைன்னு தேடுறோம்."

"தேடிப் பிடிச்சு?"

"அதை மட்டும் அடக்குற மருந்து பண்ணணும். இப்ப குடுக்கிறது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துற வைத்தியம். முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். வீடு நிக்கணும், பூச்சி மட்டும் சாகணும்."

"எப்பக் கிடைக்கும் அந்த மருந்து?"

"நம்ம காலத்துல கிடைக்காது" என்றாள். ஏதோ நாளைக்கே கிடைக்கப்போவது போல அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்! அந்த முகத்தைத்தான் நீங்கள் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளில் எங்கள் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. பீடியைக் கையால் தொடாத மனுஷன். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. சளியில் ரத்தம் வந்தது. அந்த டிசம்பரில் வந்த பிலோமினா அவர் இருமியதைக் கேட்டதும் மாவு மூட்டையிலிருந்து இறங்கினாள். "அண்ணே, சட்டையை மாத்துங்க, படம் எடுத்துட்டு வருவோம்" என்றாள். படத்தில் கட்டி தெரிந்தது. அவளே எங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் பிழைப்பார் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது. எடுக்கிற கட்டியில் ஒரு துண்டு தன் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றாள். நான் முடியாது என்றேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் அதைக் குடும்பக் கல்லறையில் கொண்டுபோய் வைப்போம். என் மாமனாரின் சுண்டுவிரல் அவருக்கு முன்னாலேயே போய் அங்கே இடம் பிடித்து வைத்திருந்தது. கடைசி நாளில் எழுப்பும்போது ஆண்டவர் ஊர் ஊராகத் தேடித் திரியக் கூடாதில்லையா? இது நான் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த பயம் வேறு. துண்டு துண்டாகக் கொடுக்க ஆரம்பித்தால் முழு ஆளும் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்பதுதான் அது.

"புகை பிடிக்கிறவங்க கட்டி எங்களுக்கு நிறையக் கிடைக்குதுடி" என்றாள் அவள். "பிடிக்காதவருக்கு எப்படி வந்துச்சுன்னு பார்க்க வேணாமா?"

"அடுப்புப் புகையா இருக்குமோ?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தெரியாததனாலதானே கேக்கிறேன்."

கட்டிலில் படுத்திருந்தவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன்டி, நான் உயிர்த்தெழும்போது அந்தக் கட்டியையும் எதுக்கு எழுப்புறே? அதைப் பிரான்சுக்கு அனுப்பு. நான்தான் போகலை, அதாவது போய்ப் பார்த்துட்டு வரட்டும்" என்றார்.

பிலோமினா சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. ஒரு நிபந்தனையும் போட்டேன். கல்லறைத் திருநாளில் என் பாதிக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், அவள் பாதிக்கு அவள் ஏற்ற வேண்டும். "சத்தியமா" என்று என் தலைமேல் கை வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தன் பாதியை உறைய வைக்கக் கொடுத்துவிட்டு, லீவையும் நீட்டிக்கொண்டு எங்களோடு ஊருக்கு வந்தாள். அவர் நடக்கத் தொடங்கியதும் என் பாதியை அடக்கம் செய்தோம். தன் அடக்கத்துக்குத் தானே குடை பிடித்துக்கொண்டு வந்த ஆள் இந்த ஊரில் எங்கள் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருக்கும். பங்குச் சாமியார் கட்டி இருந்த பாட்டிலை ஒரு தரம் பார்த்தார், பக்கத்தில் நின்றவரை ஒரு தரம் பார்த்தார். "உயிரோட நிக்கிறவருக்கு நான் என்ன செபம் சொல்றது?" என்றார்.

"திரும்பி வராதேன்னு சொல்லுங்க சாமி, அது போதும்" என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்து, கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் செல்லம்மாள் மீன்கூடையோடு ஓடிவந்தாள். ரொட்டிக்காரரை அடக்கம் செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடையை வாசலில் போட்டுவிட்டு, "ஐயோ ராசா, போயிட்டியா!" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், கண்ணை மூடியபடி யார் தோளிலோ சாய்ந்தாள். அது அவர் தோள். நிமிர்ந்து பார்த்தாள். உடனே அந்தத் தோளிலேயே ஓர் அடி வைத்தாள்.

"ஏன் தம்பி, செத்தவன் குடை பிடிச்சுக்கிட்டா நிப்பான்? வாசல்ல மீனைக் காக்கா தூக்குது, அந்தக் காசை யாரு குடுப்பா?"

பிலோமினா பக்கத்துக் கல்லறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்துச் சாமியாரும் சிரித்தார். இவர் மட்டும், "மெதுவா அடிங்கக்கா, தையல் பிரிஞ்சா மிச்சத்தையும் இங்கேயே வைக்கச் சொல்லுவா இவ" என்று என்னைக் காட்டினார்.

மறு கிறிஸ்துமசுக்கு வந்தவளிடம் முதல் கேள்வியே அதுதான். "மெழுகுவர்த்தி ஏத்தினியா?"

"எங்க ஆராய்ச்சிக்கூடத்துல ஏத்தினா கட்டிடத்தோட நானும் போயிடுவேன்டி, அவ்வளவு ஸ்பிரிட்டு இருக்கு. அதனால ஐஸ் பெட்டியைத் திறந்து அண்ணன் துண்டு மேல டார்ச் அடிச்சேன். ஒரு வெள்ளைக்காரன் பார்த்துட்டு, என்ன தேடுறீங்கன்னு கேட்டான். என் சிநேகிதி புருஷனைன்னேன். அதுலேருந்து அவன் என்கூடப் பேசுறதே இல்லை."

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அவள் தவறவில்லை.

அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர்களுக்கு அப்போது தெரிந்திருந்த கெட்டுப்போன கட்டளை எதுவும் அதில் இல்லையாம். எனக்குக் கோபம் வந்தது. "இல்லைன்னு சொல்லவா அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போனே?"

அவள் முகம் வாடவே இல்லை. "இது இல்லைன்னு தெரிஞ்சா வேற ஒண்ணு இருக்குன்னுதானேடி அர்த்தம்? அது என்னன்னு எனக்குப் பின்னாடி வர்ற யாராவது தேடுவாங்க. தேடுறப்ப அண்ணன் துண்டு அங்கே இருக்கணும். இருக்கும்" என்றாள்.

தந்தி வந்த அன்று, அழுது ஓய்ந்ததும் அதுதான் என் நினைவுக்கு வந்தது. இனி அதை யார் பார்ப்பார்கள்? அவள் போனாள் என்று அள்ளி வெளியே கொட்டிவிட்டால்? அருள் அங்கே போன் போட்டுக் கேட்டுவந்தார். "அவங்க கூட வேலை பார்த்தவங்க பத்திரமா வெச்சிருக்காங்களாம் அக்கா. கொட்ட மாட்டாங்களாம்." பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். பிலோமினாவுக்கு அடக்கம் கிடையாதாம். உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"முழுசையுமா?" என்றேன்.

"முழுசையும்தான். 'கேட்டு வாங்கினவ குடுக்காம போகக் கூடாது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

பாதியைக் கொடுக்க நான் அவ்வளவு சண்டை போட்டேன். அவள் எந்தச் சண்டையும் இல்லாமல் முழுசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் எழுந்துபோய் மாவு பிசைந்தார். மிச்ச நுரையீரலை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அவர்தான் பிசைகிறார்.

அவளுக்கு இங்கேயும் கல்லறை இல்லை, அங்கேயும் இல்லை. என்னிடம் இருப்பது போன கிறிஸ்துமசுக்கு அவள் விட்டுப்போன அந்த டார்ச் லைட்தான். "நான் புதுசு வாங்கிட்டேன். இது அண்ணனை நல்லாத் தெரிஞ்ச டார்ச்சு, நீயே வெச்சுக்க" என்றாள். புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். வருகிற கல்லறைத் திருநாளில் நீங்கள் எல்லாரும் மெழுகுவர்த்தியைக் கடல் காற்றுக்குக் கையால் மறைத்து ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் எங்கள் கல்லறைப் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பேன். யாராவது வந்து, "என்ன தேடுறீங்க?" என்று கேளுங்கள். சொல்லுவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.