டீச்சர் வீட்டு இடுக்கு

பெருங்கடவிளைப் பக்கமிருந்து நெய்யாற்றின்கரைக்கு வருகிற ரோடு எங்கள் வீட்டு முன்னால் மட்டும் திடீரென்று ஒடுங்கும். வரும் வழியெல்லாம் ஓரளவு அகலமாக வந்துவிட்டு, அந்த இடத்தில் எங்கள் மதில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ரோட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கம் பழைய சர்ச்சின் கல்லறைத் தோட்டச் சுவர். அதை யாரும் தொட முடியாது. ஆகவே பழி முழுக்க எங்கள் மதிலுக்குத்தான். பஸ் நுழைந்தால் எதிரே பாறை ஏற்றி வருகிற டிப்பர் நிற்க வேண்டும். டிப்பர் நுழைந்தால் பஸ் நிற்க வேண்டும். பக்கத்துச் சாயக்கடைக்காரர் நிற்கிற டிரைவர்களுக்கு ஜன்னல் வழியாகவே சாயா கொடுத்துவிடுவார்.

அந்த இடத்துக்கு ஊரில் டீச்சர் வீட்டு இடுக்கு என்று பெயர். டீச்சர் என்பது என் மனைவி, அங்கன்வாடி டீச்சர். இருபது வருடமாக நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், இடுக்குக்குக்கூட என் பெயர் கிடைக்கவில்லை. அதில் நியாயம் உண்டு. வீடும் நிலமும் மதிலும் அவளுடைய அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தவை. நான் கூடவே வந்தவன்.

அவள் அங்கன்வாடிக்குச் சைக்கிளில் போவாள். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சேலையைச் சொருகிக்கொண்டு, பையைக் கூடையில் போட்டு, யாருக்கும் அவசரமில்லாத வேகத்தில். என்னுடையதுபோல ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "எனக்க கால் ரெண்டும் நல்லா இருக்கு. நீங்க உங்க காலப் பாருங்க" என்பாள். என் காலைப் பார்க்க எனக்கு வழியில்லை, நடுவில் வயிறு மறைக்கிறது.

ஒருநாள் இடுக்கு தாண்டி, ரோடு அகலமாகிற இடத்தில், ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அவள் தோளை உரசிவிட்டுப் போனது. காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று சாப்பாடு பரிமாறும்போது வெளியே ஒரு ஹாரன் கேட்டதும் அவள் கரண்டியை நழுவ விட்டாள். சாம்பார் என் மடியில் விழுந்தபோதுதான் நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என்னால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுப் பக்கம் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். மலையாளத்திலும் தமிழிலும் மனு டைப் அடித்துக் கொடுப்பேன். வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லுகிற உபதேசம் ஒன்று உண்டு. ஆபீசில் முதல் பத்தியை மட்டும்தான் படிப்பார்கள், எனவே அவர்களுக்குப் பிடித்ததை முதலில் எழுது, உனக்கு வேண்டியதைக் கீழே எழுது. இதைச் சொல்லும்போது என் முகம் பெரிய வக்கீல் முகம் மாதிரி ஆகிவிடும்.

என் மனுவையும் அதேபோல எழுதினேன். முதல் கோரிக்கை, ரோட்டை அகலப்படுத்தி வாகன நெருக்கடியைத் தீர்க்க வேண்டும். இரண்டாவது, மழைத் தண்ணீர் போக ஓடை. மூன்றாவதாக, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ரோட்டோரம் தனிப்பாதை. மூன்றாவதற்குச் சம்மதிக்க வைக்கத்தான் முதல் இரண்டும். அதை அன்று நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாயத்து ஆபீசில் மனு பாஸானது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் தாங்களாகவே நிலம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கமிட்டி. வாசகசாலையில் கூட்டம் போட்டு, சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, என்னைக் கன்வீனர் ஆக்கினார்கள். மைக் இல்லாமலே பேசக்கூடியவன் என்பது தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஓவர்சியர் ஒரு வரைபடம் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். ரோடு கறுப்பு, ஓடை நீலம், நடைபாதை பச்சை. பச்சை அழகாக இருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். அப்போது பின்வரிசையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"நடக்கியவங்களுக்குப் பச்சை இருக்கு. சைக்கிளுக்கு எங்க இருக்கு சாரே?"

"டீச்சரே, இப்போ இங்க ஆராக்கும் சைக்கிள் ஓட்டுதது?" என்றார் ஓவர்சியர்.

"நான்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். கன்வீனர் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

பிரச்சினை என்னவென்றால், கன்வீனர் வீட்டு மதில்தான் முதலில் விழ வேண்டும். நிலம் அவள் பெயரில். சம்மதப் பத்திரத்தை நானே டைப் அடித்து, நானே எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் நின்றேன்.

அவள் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அந்த வீட்டில் அப்படிப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"இதுல ஃபுட்பாத்துன்னு ஒரு வாக்கு கூட இல்லியே."

"அது மனுவில இருக்கு. இது நிலத்துக்கு உள்ள பேப்பராக்கும்."

"இடுக்கு இருக்கியதுனாலதான் வண்டிக்காரன் இஞ்ச நிக்கியான். எனக்கு இந்த ரோட்டுல பயமில்லாத ஒரே இடம் நம்ம வாசலாக்கும். முன்னால நான் போனா, பின்னால பஸ் மெதுவா வரும். வேற வழியில்ல அவனுக்கு. மதிலு போனா அவன் எதுக்கு நிப்பான்?"

"எடி, ஃபுட்பாத் வருதுல்லா."

"அது வந்த பெறவு இடிச்சாப் போராதா?"

"அது அங்ஙன நடக்காது."

"ஏன்?"

ஊரெல்லாம் சம்மதித்துவிட்டது, என் வீட்டில் மட்டும் ஒப்பு கிடைக்கவில்லை என்றால் நான் எந்த முகத்தோடு சாயக்கடைக்குப் போவேன் என்பதுதான் உண்மையான பதில். அவளுக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது. பேனாவை வாங்கி ஒப்பு போட்டாள். "உங்களுக்காவ ஆக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

மதில் இடிப்புக்கு வார்டு மெம்பர் வந்தார். போட்டோவுக்காக முதல் வெட்டு நான் வெட்ட வேண்டும் என்றார்கள். கூந்தாலியை ஓங்கிப் போட்டேன். அது மதிலில் வழுக்கி என் செருப்பில் வந்து விழுந்தது.

"எலே மக்கா, மதிலு அங்கல்லா நிக்கு. காலு இஞ்ச கெடக்கு" என்றார் சாயக்கடைக்காரர். அந்தப் போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். என் முகத்தில் இருப்பது வலி.

தார் போட்டார்கள். நல்ல தார். நாங்கள் பின்னால் தள்ளிக் கட்டின புது மதிலின் காலடி வரைக்கும் கொண்டுவந்து போட்டார்கள். ஓடைக்கு மேலே ஸ்லாப் போட்டு, அதற்கு மேலேயும் தார். மதிலை ஒட்டி ஒரு சாண் விட்டு வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தார்கள். நான் ஓவர்சியரிடம் போய், பச்சை எங்கே என்று கேட்டேன்.

"அது செகண்ட் ஃபேஸ் ஆக்கும் சாரே. ஃபண்டு வரட்டு. நிங்ஙளுக்க மனுவில முதல் கோரிக்கை ரோடு அகலம் ஆக்குகதல்லியா? அது முழுசா செய்தாச்சு."

உண்மைதான். முழுசாகச் செய்திருந்தார்கள். அவர் மனுவைப் படித்திருந்தார், முதல் பத்தியை.

அப்புறம் வண்டிகள் நிற்கவில்லை. சாயக்கடைக்காரர் கொஞ்ச நாள் கையில் கிளாஸோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கிழக்கே ஒற்றசேகரமங்கலம் மலைப்பக்கமிருந்து இறங்குகிற டிப்பர்கள், எங்கள் வாசலில் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கை இப்போது பிடிப்பதில்லை. அவர்களுக்குக் கிடைத்த முதல் நேரான ரோடு அது, நான் இடித்துக் கொடுத்தது. அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே யாராவது கார் நிறுத்துவார்கள். காரைச் சுற்றி நடக்கிறவர்கள் ரோட்டின் நடுவுக்கு வர வேண்டும்.

அவள் விழுந்தது ஒருநாள் காலையில், வாசலிலிருந்து இருபது அடி தள்ளி. பின்னால் ஹாரன், பக்கத்தில் நிறுத்திய கார். அவள் காரைத் தாண்டியதும் ஹேண்டிலை மதில் பக்கம் ஒடித்தாள். டிப்பர் அவளைத் தொடவே இல்லை. மதில்தான் தொட்டது. புது மதிலுக்கு அழகாக இருக்கட்டும் என்று சின்னச் சின்ன கல் பதித்துப் பூசச் சொன்னது நான். அவள் மணிக்கட்டு ஹேண்டிலுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் மாட்டியது. சாயக்கடைக்காரர்தான் ஓடிவந்து தூக்கினார். நான் உள்ளே ஷேவ் செய்துகொண்டிருந்தேன். பாதி முகம் நுரையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நர்ஸ் முதலில் என்னைத்தான் உட்காரச் சொன்னார்.

மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள்.

அந்த வாரமே இன்னொரு மனு டைப் அடித்தேன். இந்த முறை ஒரே பத்தி. விட்டுக்கொடுத்த நிலத்தைத் திருப்பித் தர வேண்டும், பழைய மதில் நின்ற இடத்திலேயே மதில் கட்டிக்கொள்கிறோம். கவுண்டரில் இருந்த கிளார்க் அதை இரண்டு முறை படித்தார். பக்கத்துச் சீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"சாரே, ரோடு சின்னதாக்கணும்னு சொல்லி வாற முதல் ஆளு நிங்ஙளாக்கும்."

"அங்ஙன எழுத சட்டத்துல ஒரு வகுப்பு இல்லியா?"

"இல்ல. வேணும்னா வண்டி மெதுவா போக ரோட்டுல ஒரு ஹம்புக்கு எழுதிக் கொடுங்க. ஆனா பஸ் போற ரோட்டுல ஹம்பு கிட்டாது. எழுதியதில தோஷம் ஒண்ணும் இல்ல."

ஹம்புக்கும் எழுதிக் கொடுத்தேன். செகண்ட் ஃபேஸுக்கும் எழுதிக் கொடுத்தேன். ரசீதுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் அவள் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நின்றாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு பஸ் போனது. இரண்டு டிப்பர். கொஞ்சம் இடைவெளி. அவள் காலைப் பெடலில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி ஒரு கார். அங்கன்வாடி திறக்கிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவள் சைக்கிளைத் திருப்பி உள்ளே உருட்டி வந்து, ஷெட்டில் விறகு அடுக்கியிருந்த பக்கம் சாய்த்தாள்.

"ஸ்கூட்டர எடுங்க" என்றாள்.

நான் ஏதாவது தமாஷ் சொல்ல வேண்டிய இடம் அது. சாவியைத் தேடுவதுபோல நேரம் கடத்தினேன். சாவி சட்டைப் பையில் இருந்தது.

இப்போது தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். கேட்டுக்கு வெளியே வந்து திரும்பினதும், பழைய மதில் நின்ற இடத்தில், பழக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிடுவேன். அங்கே மெதுவாகப் போக ஒரு காரணமும் இல்லை. நேர்ரோடு. பின்னால் வருகிறவன் உடனே ஹாரன் அடிப்பான். மதிலோரம் நடந்து வருகிற பெண் ஒருத்தி, அங்கன்வாடிப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கல் பதித்த சுவரோடு சுவராக ஒட்டி நிற்பாள். என் மனைவி அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையசைப்பாள், பிளேட் வைத்த கையால். ஹாரன் மறுபடி அடிக்கும். நான் வேகத்தைக் கூட்டுவேன்.