கையுறைக்காரரின் கட்டைவிரல்

அந்த ஆய்வகத்தில் அவரைக் ‘கையுறைக்காரர்’ என்றால்தான் தெரியும். உலோகத்தில் குளிர்பெட்டிகளைக் கடைந்து, உட்புறம் கறுப்புப் பூச்சு பூசுவது அவர் வேலை. எவராவது வெறுங்கையால் ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், வானுக்கும் பூமிக்கும் குதிப்பார். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பூச்சு நிற்காது, கடுங்குளிரில் உரிந்துவிடும் என்பார். பெட்டிக்குள் வைக்கும் உணரியை வடிவமைப்பவள் அவர் மனைவி. பத்து மாதங்களுக்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

அவளுடைய உணரி லேசுப்பட்டதல்ல. இதற்குமேல் குளிர முடியாது என்னும் எல்லைக்கு அருகே கொண்டுபோனால், அதன் மெல்லிய உலோகப் படலத்தில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். எங்கோ தூசுமேகத்துக்குள் பிறக்கும் நட்சத்திரத்தின் வெதுவெதுப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, துளி விழுந்தாலும் அந்த ஓட்டம் தடுமாறும். ஆனால் தொலைநோக்கியில் ஏறுவதற்கு முன், மூடிய பெட்டியின் இருட்டில் அது ஒன்றையும் காணக் கூடாது. அங்கேதான் வினை. அவர் போன சில வாரங்களில், நாலு மணியானால், உணரி காண்பதைக் காட்டும் திரையில் கோடு மெல்ல எழத் தொடங்கியது. ஒரு நாளல்ல, தினமும்.

நாலு மணிக்குத்தான் அவர் கதவோரம் தலையை நீட்டி, “கிளம்பலாமா?” என்பார்.

“மேடம், உள்ள யாரோ இருக்காங்க,” என்று திரையைப் பார்த்து அளவெடுக்கும் பெண் சிரித்தாள். சிரித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குழுத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள இது அடங்கலைன்னா, அடுத்த குழுவோட உணரிதான் ஏறும். உங்க எட்டு வருஷம் வீணாப் போயிடும்மா. பெட்டியைத் திறந்து பாருங்க.”

“அவர் பூசின பெட்டி சார். அதுல குத்தம் இருக்காது.”

வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கோடு அவளுக்குத் துணையாக இருந்தது. நாலு மணிக்காகவே வேலைக்கு வந்தாள், பைத்தியக்காரி.

திங்கட்கிழமை காலை வேறு வழியில்லாமல் திறந்தாள். மூடியின் உட்புறத்தில் கறுப்பு உரிந்து ஓரிடம் பளபளத்தது. சரியாகக் கட்டைவிரல் அளவு. விளக்கைச் சாய்த்தால் ரேகைகூடத் தெரிந்தது. எல்லோரையும் கரித்துக்கொட்டிய மனுஷன், கையுறை இல்லாமல் பிடித்திருக்கிறார்! சாயங்கால வெயிலில் அறை சூடேற, கம்பி நுழையும் துளைவழி கசிந்த சூடு அந்தப் பளபளப்பில் பட்டுத் தெறித்து உணரிமேல் விழுந்திருக்கிறது.

“அடப்பாவி மனுஷா,” என்று சிரித்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தன் கையுறையைக் கழற்றி, அந்த ரேகைமேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். ஒரே துடைப்பில் போகவில்லை, மூன்று முறை துடைத்தாள். கறுப்பைப் பூசி மூடினாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோடு அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“பாத்தீங்களா மேடம், உள்ள யாருமே இல்ல!” என்று அளவெடுக்கும் பெண் துள்ளினாள்.

இவள் கதவோரம் பார்த்தாள்.

“ஆமாம்மா, யாருமில்ல,” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள்.