அரிசி டின்னுக்குள் ஒரு வாக்கி டாக்கி

மஞ்சள் துண்டில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கட்டி, எங்கள் வீட்டு அரிசி டின்னின் அடியில் ஒரு வாக்கி டாக்கி கிடந்தது. லாஞ்ச் என்கிற விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் பேசிக்கொள்வார்களே, அந்தக் கருவிதான். அதை அங்கே புதைத்தவன் என் அண்ணன். உலைக்கு அரிசி எடுக்கக் கைவிட்ட அம்மா, எலியோ என்று பயந்து அலறிவிட்டாள். அண்ணன் ஓடி வந்து, "எடுக்காதம்மா, உள்ளயே கெடக்கட்டும். எல்லா போட்லயும் என் பேரச் சொல்லிப் பேசிகினு கீறாங்க. ஆஃப் பண்ணாலும் பேசுறாங்க. அரிசிக்குள்ள இருந்தாதான் கேக்கல" என்றான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சிரிப்புதான் வந்தது. நானும் சிரித்தேன். அப்போது நான் கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் காசிமேட்டிலிருந்து லாஞ்சில் போய் வந்துகொண்டிருந்தவன். சரியான ஓட்டை வாய். மீன் எந்தப் பக்கம் படுகிறது என்பதை வாக்கி டாக்கியில் ஊருக்கே உளறிவிட்டு லாஞ்ச் ஓனரிடம் திட்டு வாங்குவான். அப்படிப்பட்டவன் ஒருமுறை கடலிலிருந்து வந்து இறங்கியதும் பேச்சை நிறுத்திக்கொண்டான். தூங்கவில்லை. தட்டில் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. கடலிலிருந்து வந்தவனை, அவனாக வாய் திறக்கிறவரைக்கும் எதுவும் கேட்கக் கூடாது. அங்கே அவன் எதைப் பார்த்தானோ, யாரைப் பறிகொடுத்தானோ. சோறு போட்டுத் தூங்கவிட வேண்டும். "வந்தவன இன்னா ஏதுன்னு நோண்டாத, தானா சொல்லுவான்" என்று அம்மா என்னை அடக்கினாள். மரியாதையான வழக்கம்தான். அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அவன் எங்கள் கண்ணெதிரே தேய்ந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தானாக வாய் திறந்தது அந்த அரிசி டின் விஷயத்தில்தான். ஓனர் வந்து தன் வாக்கி டாக்கியைக் கேட்டபோது அப்பா வேறொன்று வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பொறி தட்டியது. இல்லாத குரல்கள், தன்னைப் பற்றியே பேசும் குரல்கள்: என் பாடப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன். ஆனால் அந்த நோயின் பெயரை அம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஒரே ரத்தம்தானே, நாளைக்கு எனக்கும் வந்தால்? குழாயடியில் பெண்கள் பேசிக்கொள்வது ஜன்னல் வழியாகக் கேட்டால்கூட எழுந்து போய், அங்கே நிஜமாகவே ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். புத்தகத்தில் ஒரு வரி ஏறவில்லை.

மனநோய்களைப் பற்றிய அந்தப் பாடத்துக்குத் தேர்வு வைத்திருந்த நாளில், காலையிலேயே அண்ணனைக் காணோம். ஹால் டிக்கெட் பையிலேயே இருக்க, தேடக் கிளம்பினேன். அப்பா ராயபுரம் பக்கம் போனார், நான் வடக்கே போனேன். திருவொற்றியூர், எண்ணூர் என்று பஸ் மாறி மாறி, கண்ணில் பட்ட மீனவர்களிடமெல்லாம் விசாரித்து, கடைசியில் முகத்துவாரக்குப்பத்தில் ஆறு கடலில் போய்ச் சேருமிடத்தில் அவனைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்திருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"நீ இன்னா இங்க? இன்னிக்குப் பரீட்சை இல்ல உனக்கு?" என்றான்.

"கீது. போவல."

கடலைப் பார்த்தபடி, "பயமா கீது பாப்பா" என்றான்.

எனக்கும்தான் பயம். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டேன். பிறகு, வீட்டு வழக்கத்தை மீறி முதன்முதலாகக் கேட்டேன்: "இன்னாண்ணா பேசுறாங்க உன்னப் பத்தி?" அவன் சொன்னான். வெயில் தாழும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லி முடித்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். எழுந்து என் கூடவே வந்தான்.

அண்ணன் தேறிவிட்டான். மாத்திரையை விடுவதில்லை. கடலுக்குப் போகாமல், கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறான். தேறாமல் போனது என் மார்க் ஷீட்தான். அந்த வருடம் நான்கு பாடங்களில் அரியர். எல்லாவற்றையும் பிறகு எழுதித் தாண்டி, முதுகலையில் முதல் வகுப்பும் வாங்கி, இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு மனநல ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கிறேன். ஆனாலும் மருத்துவ உளவியலில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் அந்த மார்க் ஷீட் போய் நின்றுகொள்கிறது. இரண்டு இடங்களில் நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. மூன்றாவதாக ஒரு பல்கலைக்கழகம் கூப்பிட்டது. இதுவும் போனால் மறுபடி விண்ணப்பிக்க எனக்குத் தெம்பில்லை. "அந்த வருஷத்தைப் பத்திக் கேட்பாங்க. உள்ளதைச் சொல்லிடுங்க, அதுவே உங்களுக்குப் பலம்" என்றார் எங்கள் மையத்தின் மூத்த ஆலோசகர்.

அண்ணனிடம் கேட்டேன், அவனைப் பற்றிச் சொல்லலாமா என்று. அவன் கையிலிருந்த வலை ஊசி நின்றுவிட்டது. முகம் அந்தப் பழைய முகமாகிவிட்டது. "வேணாம் பாப்பா. ஒரு ரூமுக்குள்ள உக்காந்துகினு என்னப் பத்திப் பேசுவாங்க. வேணாம்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன்னால் போன மார்க்கை உன்னை வைத்துத்தானே மீட்க முடியும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவன் விரல்கள் விட்ட கண்ணியைத் தேடிக்கொண்டு வலையில் தடுமாறியதைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

நேர்காணல் அன்று வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிப் போனேன். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்த பேராசிரியை என் மார்க் ஷீட்டை என் பக்கமாகத் திருப்பி, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வருஷம் என்னம்மா ஆச்சு? இந்தப் பாடத்துக்கு ஆப்சென்ட்னு வேற இருக்கே?"

"வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல மேடம். பரீட்சை அன்னிக்கு அவரைத் தேடிப் போயிட்டேன்."

"என்ன உடம்புக்கு?"

"சொல்லலாமான்னு அவர்கிட்ட கேட்டேன் மேடம். வேணாம்னுட்டாரு."

ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதனால இந்த சீட்டே கிடைக்காம போனாலுமா?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மூன்று பேரும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தாலே ஓடிப் போய் எடுக்கிறேன். இதை எழுதலாமா என்றும் அண்ணனிடம் கேட்டேன். "பேரு போடாத. படிக்கிறவனுக்கு உன் மூஞ்சி தெரியாதில்ல, அப்ப பரவால்ல" என்றான். அதனால்தான் அவன் இங்கே வெறும் அண்ணன்.

நேர்காணல் முடிந்து நான் வீடு திரும்பியபோது அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். சீட் கிடைக்குமா, என்ன கேட்டார்கள், ஒன்றும் விசாரிக்கவில்லை. "என்னப் பத்திப் பேசினாங்களா?" என்றான்.

"இல்லண்ணா. உன் பேர யாரும் எடுக்கல."

என் முகத்தையே பார்த்தான். பிறகு உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்து, முழங்கைவரை கையை விட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தான். இத்தனை வருடமும் அது அங்கேயேதான் கிடக்கிறது. அம்மா அதை ஒதுக்கிவிட்டுத்தான் அரிசி எடுப்பாள். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. துண்டைப் பிரித்து, வாக்கி டாக்கியைக் காதோடு வைத்துக் கேட்டான். அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. வாக்கி டாக்கியை மறுபடியும் துண்டில் சுற்றிக் கட்டி, எதுக்கும் இருக்கட்டும் என்று அரிசிக்குள்ளேயே வைத்து மூடினான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.