பத்து மணி ஊசி

அக்கா பதினோரு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். டெப்போவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பிரேக்'. யார் பேச்சையும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

சோதனைக்குழாய்க் குழந்தைக்கான முதல் முயற்சியில், முட்டைகளை வளர்க்கும் ஊசியை மாமா மாலையில் வீட்டிலேயே போட்டுவிட்டார். வம்பு இன்னொரு ஊசியில்தான். டாக்டர் எடுப்பதற்குள் முட்டைகள் தாமாக வெளியேறிவிடாதபடி ஹார்மோனைத் தடுக்கிற ஊசி. தினமும் காலை பத்துக்கு, மணி பிசகாமல் போட வேண்டும். முதல் நடை முடிந்து அவள் டெப்போவுக்குத் திரும்பும் நேரம். அங்குள்ள குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குள் போவாள். வெளியே நடத்துநர் அம்மா காவல்.

ஐந்தாம் நாள் பாலத்தில் லாரி கவிழ்ந்தது. ஊசி டெப்போவில், அக்கா பாலத்தில், பின்னால் அறுபது பயணிகள். இறங்கி ஓடவா முடியும்? மூன்று மணிக்குத்தான் திரும்பினாள். முட்டை எடுக்கப் போன அன்று ஸ்கேனில் முட்டைப் பைகள் எல்லாம் காலியாகிச் சுருங்கிக் கிடந்தன.

"ஸ்டியரிங்கைக் கட்டிக்கிட்டு இருந்தா புள்ள எங்க தங்கும்? வேலையை விடு" என்றார் அக்காவின் நாத்தனார், மாமாவின் அக்கா.

"லாரி கவுந்ததுக்கு நான் ஏன் அண்ணி வேலையை விடணும்? லாரிக்காரனைக் கேளுங்க."

இரண்டாம் முயற்சிக்குப் போனதும் டாக்டரிடம் நேராகக் கேட்டாள்: "இந்தத் தடுக்குற மருந்தை மாத்திரையா குடுக்க முடியாதா?"

"குடுக்கலாம், அதுலயும் தடுக்க முடியும். ஆனா கர்ப்பப்பையோட உள்சுவர் அப்ப கருவை ஏத்துக்கிற நிலையில இருக்காது. கருவை உறைய வெச்சு, ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சுதான் உள்ள வைப்போம். ஊசின்னா பழகின வழிம்மா."

"பழகினது உங்களுக்கு, டாக்டர். அந்தக் கழிப்பறையில நின்னது நான். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் பெருசா?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொடுத்தார்.

நாத்தனார் விடவில்லை. "மாத்திரை முழுங்கினா சரியாப்போக இது என்ன தலைவலியா?"

"தலைவலி நீங்கதான் அண்ணி. உங்களுக்குத்தான் இன்னும் மாத்திரை வரலை."

ஃபோனில் கேட்ட எனக்கே பகீரென்றது. கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, இந்த முறையும் போய்விட்டால் இவர்கள் இவளை என்ன பேசுவார்களோ என்று நகத்தைக் கடித்தேன். அவளோ, விடியும் முன் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி எடுக்கப் போனாள். ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. இரண்டு நாளுக்கொரு தரம் ஸ்கேனுக்கு மட்டும் ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள்.

முட்டை எடுத்த அன்று மயக்கம் தெளிந்ததும் செவிலியர் குனிந்து சொன்னார்: "ஒன்பதும்மா. ஒண்ணுகூட முன்னாடி போகலை."

இனிதான் கரு உருவாக வேண்டும், உறைய வேண்டும், தங்க வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

வாசலில் நின்ற நாத்தனார், "இனிமேலாவது ஆறு மாசம் லீவு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார்.

அப்போது உள்ளே வந்த டாக்டர் பக்கம் அக்கா திரும்பினாள். "ரெண்டு நாள்னு எழுதுங்க டாக்டர். புதன்கிழமை எனக்கு முதல் வண்டி."