நிழல் இல்லை, பிரித்த தையல்

அண்ணையைக் கண்டாலே எனக்கு எரியும். கூடப் பிறந்தவர் இல்லை, பெரியம்மாவின் மகன். பாரிஸில் பன்னிரண்டு வருடம் தையல் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தார். வந்த ஒரே வருடத்தில் ரெய்னர்ஸ் லேனில் சொந்தக் கடை போட்டார். அந்தப் பக்கத்து ஆன்ட்டிமார் எல்லாருக்கும் சாறி பிளவுஸ் என்றால் அவர்தான். நான் கலை வரலாறு படித்தவன். அதுவும் முதல் வகுப்பு. "அதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்பார் அம்மா. அண்ணை ஒரு ஜிப் மாற்றிக் கொடுத்தால் மட்டும், "அவன்ர கையைப் பார், தங்கம்!"

அதனால்தான் அந்த ஓவியக் காலரி வேலை எனக்கு வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் பார்வையாளர்களைக் கூட்டிப்போய் ஓவியங்களைப் பற்றிப் பேசும் வேலை. அம்மாவின் வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை. முதலில் ஒரு ஓவியத்தின் முன் நின்று பத்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். நான் எடுத்தது ஒரு பழைய பிரெஞ்சு ஓவியம். ஜன்னலோரம், மேசை மேல் சம்மணமிட்டு ஒரு தையல்காரர். மடியில் பழுப்பு நிறக் கோட்டு.

"அண்ணையையும் கூட்டிக்கொண்டு போ. அவனும் தையல்காரன்தானே, பாக்கட்டும்," என்றார் அம்மா. தப்ப வழியில்லை.

அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். சும்மா நிற்பானேன் என்று அவருக்கு என் குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். மடியிலிருக்கும் கோட்டின் ஓரமாக ஒரு கருமையான கோடு ஓடுகிறதல்லவா, அது மரணத்தின் நிழல் என்று இரண்டு பந்தி எழுதியிருந்தேன்.

"அது நிழல் இல்லையடா."

"பின்னை என்ன?"

"பிரிச்ச தையல். பழைய கோட்டு, வெளிப்பக்கம் வெயில் பட்டு வெளுத்துப் போச்சு. உள்ளுக்கு மடிச்சுத் தைச்ச இடம் வெளுக்கேல்லை, பிரிச்சால் அது கறுப்பாத் தெரியும். ஆள் தைக்கேல்லையடா, பிரிக்கிறார். கையில ஊசி எங்க? கத்தரிக்கோலெல்லோ கிடக்கு. கோட்டுக்காரருக்குத் தொப்பை வைச்சிட்டுது போல, பெருப்பிச்சுக் குடுக்கிறார்."

மூன்று மாதமாக அந்த ஓவியத்தைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோலைப் பார்த்திருக்கிறேன். ஊசி இல்லை என்பதைத்தான் பார்க்கவில்லை.

என்னைத் தேர்வு செய்ய காலரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நான் மரணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பிரித்த தையலை நானே கண்டுபிடித்த மாதிரி அடித்துவிட்டேன். அண்ணை பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

மூவரில் மூத்த பெண்மணி கேட்டார்: "அது வெறும் நிழலாக இருக்கக்கூடாதா?"

வேறு வழியில்லாமல் திரும்பினேன்.

"அண்ணை, நிழல் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வெளிச்சம் இடப்பக்கத்தால வருது, கோடும் இடப்பக்கந்தான் கிடக்கு. நிழலெண்டால் மற்றப் பக்கமெல்லோ விழவேணும்? இஞ்ச, இதைப் பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு மனிதர் முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஸ்வெட்டரைத் தூக்கினார். காற்சட்டையின் பின் இடுப்பில், நடுவே, அதே கரிய கோடு.

"பாரிஸில இருக்கேக்க தைச்சது. இப்ப சின்னம்மாட புட்டைத் திண்டு திண்டு ரெண்டு தரம் பெருப்பிச்சிட்டன்."

என் அம்மாவின் புட்டு உட்பட முழுவதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மூவரும் குனிந்து காற்சட்டையைப் பார்த்தார்கள், ஓவியத்தைப் பார்த்தார்கள், மறுபடி காற்சட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பத்து நிமிடத்துக்கு ஒரு புன்னகைகூட விழவில்லை.

"இவர் யார்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"என் அண்ணன். தையல்காரர். முதலில் கண்டுபிடித்ததும் இவர்தான்," என்றேன். காது இரண்டும் கொதித்தன.

வேலை எனக்குத்தான் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்மணி கை குலுக்கியது முதலில் அவரோடு. ஒரு நாள் இவரும் வந்து பேசட்டும், நீங்கள் மொழிபெயர்க்கலாம் என்றார் என்னிடம்.

திரும்பும் ரயிலில் அண்ணை அம்மாவுக்கு போன் போட்டார்.

"சின்னம்மா, இவனுக்கு வேலை சரி! எனக்குப் பாதிதான் விளங்கினது, ஆனா எல்லாரும் இவன்ர வாயைப் பாத்துக்கொண்டு நிண்டவை."

காற்சட்டைக் கதையைச் சொல்லவே இல்லை. நான் பக்கத்து சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு வார்த்தை பெருமை அடித்திருந்தால்கூட ஆளை நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.