மே மாதத்தில் மான் சுட்டவர்

வெர்னா டில்லார்ட் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாலே பின்வரிசையில் யார் யாரைக் கிள்ளினான் என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றதும், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், துப்பாக்கி வைத்திருப்பது தங்கள் உரிமை என்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் குழுவைக் கட்டி மேய்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. "அதே பேருந்துதான். பசங்களுக்குத் தாடி முளைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்பாள்.

அந்தக் குழுவில் புதிதாக யார் வந்தாலும் சந்தேகம். அதற்குக் காரணமும் இருந்தது. முந்தைய ஆண்டு ஒருவன் உள்ளே புகுந்து எல்லாரையும் உசுப்பேற்றி, அவர்கள் கோபத்தில் கொட்டிய வார்த்தைகளைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டுப் போயிருந்தான். சூடு கண்ட பூனைகள் அவர்கள்.

அப்படியிருக்கையில்தான் 'மலைவேட்டைக்காரன்' என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: "முப்பது வருடமாக வேட்டையாடுகிறேன். ஆனாலும், துப்பாக்கி வாங்குகிறவர் அது கைக்கு வரச் சில நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தால் என்ன குறைந்துவிடும்?" கூடவே, சின்ன வயதில் அப்பாவோடு போய் மே மாதத்தில் ஒரு கொம்பு மானைச் சுட்ட கதையையும் சேர்த்திருந்தார்.

கிணறு தோண்டும் ராய்ஸ் பெக்ஸ்டெட்தான் முதலில் பாய்ந்தான். "மே மாசத்துல கொம்பு மானாம்! அப்போ வேட்டைக்கே அனுமதி கிடையாது, கொம்பும் பாதிதான் முளைச்சிருக்கும்யா. யாரோ ஆள் வச்சு அனுப்பியிருக்காங்க. வெர்னா, தூக்கி வெளிய போடு!"

வெர்னா தூக்கவில்லை. புளுகு என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் வம்பு பண்ண வந்தவன் கேட்கிற கேள்வியாக அது படவில்லை. திட்டுக்குத் திட்டு என்று இறங்காமல், ஒவ்வொருவருக்கும் அந்த ஆள் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தனியாக ஒரு வரி எழுதினாள்: "சனிக்கிழமை காலை நாங்க துப்பாக்கி சுட்டுப் பழகற தளத்துக்கு வாங்க. பான்கேக் உண்டு. என் தலையைத் தாண்டி யாரும் உங்க மேல கை வைக்க மாட்டாங்க."

இப்படிக் கூப்பிட்டால் போலிகள் மறைந்துவிடுவார்கள் என்பது அவள் அனுபவம். இவர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் காலணி. பெயர் ஆன்செல் தோரப். பியானோக்களுக்குச் சுருதி கூட்டுகிறவர். நின்ற நிலையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எங்கிட்ட துப்பாக்கியே கிடையாதுங்க. வேட்டைக்கும் போனதில்லை. அதைச் சொன்னா பேசவே விடமாட்டீங்கன்னு நினைச்சேன். பொய் சொன்னது தப்புதான்."

ராய்ஸ் தட்டைக் கீழே வைத்தான். "நான் சொன்னேன்ல? வேஷக்காரப் பய!"

"வேஷம் போட்டவர்தான். அதைக் கலைக்க இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரே, அதைப் பாரு" என்றாள் வெர்னா. "ஆன்செல், சர்க்கரைப் பாகா, நம்ம மலையில பறிச்ச ஹக்கிள்பெரிப் பழ ஜாமா?"

"ஜாம்."

"நாக்காவது இந்த ஊரு நாக்குதான்" என்று முணுமுணுத்தபடி ராய்ஸ் ஜாடியைத் தள்ளிவிட்டான்.

அன்று ஆன்செல் துப்பாக்கியைத் தொடவில்லை, யாரும் வற்புறுத்தவுமில்லை. காதடைப்பான் மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ராய்ஸோடு மதியம் வரை வாதாடினார். அவருடைய சித்தப்பா மகன், மனம் உடைந்திருந்த ஒரு நாளில் துப்பாக்கி வாங்கிய அன்றே தன்னைச் சுட்டுக்கொண்டதைச் சொன்னார். ராய்ஸோ, முன்னாள் கணவன் கதவை உடைத்துக்கொண்டு வந்த இரவில் தன் தங்கை கையில் துப்பாக்கி இருந்ததால்தான் உயிரோடிருக்கிறாள் என்றான். அவளைக் காத்திருக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். இருவரும் தங்கள் கட்சியை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை.

வீடு திரும்பியதும் வெர்னா குழுவில் எழுதினாள்: "மலைவேட்டைக்காரன் இனிமேல் ஆன்செல் தோரப். துப்பாக்கி இல்லாதவர், நம்மோடு ஒத்துப்போகாதவர். மறைத்ததை எங்கள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டார். அவர் குழுவில் இருக்கட்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்." இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அது அவளை உறுத்தத்தான் செய்தது. ஒருவன் அவள் பேருந்தில் வளர்ந்த பையன்.

அதன்பின் குழுவில் மான் கதையைச் சொல்லி ஆன்செலைக் கிண்டல் பண்ணாத நாளில்லை. அவரும் சளைக்காமல் பதில் கொடுத்தார். குளிர்காலத்தில் சில நாள் அவரைக் காணவில்லை. ராய்ஸ்தான் வெர்னாவுக்குப் போன் போட்டான்.

"நம்ம எதிர்க்கட்சி எங்க போச்சு? சத்தத்தையே காணோம்."

"இடுப்பு ஆபரேஷன். வீட்ல படுத்திருக்கார்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"சரி, வண்டியை எடுக்கறேன். சூப் ஏதாவது வச்சிருக்கியா? நான் சமைச்சா அந்த மனுஷன் செத்துருவார். அப்புறம் துப்பாக்கிக்காரங்கதான் கொன்னாங்கன்னு பேப்பர்ல எழுதுவாங்க."

வெர்னா சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.